இயந்திரமா, ஓட்டமா? உங்களுக்கேற்ற இதயப் பயிற்சியைத் தெரிவுசெய்தல்

தெற்காசிய வம்சாவளியினருக்கு இரண்டாம் வகை நீரிழிவும் இதய நோயும் ஏனையோரைவிடக் கூடுதலாகவும் இளவயதிலேயும் ஏற்படுகின்றன. இவற்றைத் தடுப்பதிலும் கட்டுப்படுத்துவதிலும், இதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்தும் பயிற்சிக்குப் பெரும் பங்குண்டு. அப்பயிற்சியை உடற்பயிற்சி நிலையத்தில் செய்வதா, பூங்காவில் ஓடிச் செய்வதா என்பதைத் தீர்மானிக்க இக்கட்டுரை உதவும்.

எவ்வளவு தேவை?

பிரித்தானியத் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வயதுவந்தோர் வாரத்தில் 150 நிமிட மிதமான பயிற்சியோ 75 நிமிடக் கடும் பயிற்சியோ செய்தல் வேண்டும். இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தவும் வேண்டும். பயிற்சியின்போது பேச முடிந்து பாட முடியாதிருப்பின் அது மிதமானது. சில சொற்களுக்கு மேல் பேச மூச்சு இடங்கொடாவிடின் அது கடுமையானது.

இந்த அளவுகோல் இயந்திரத்திற்கும் வீதிக்கும் பொதுவானது. ஒரே அளவு முயற்சியை ஒரே நேரம் செய்தால் இதயம் பெறும் பயனும் ஏறத்தாழ ஒன்றே. மூட்டுகளின் சுமை, செலவு, இடைவிடாது தொடரும் வாய்ப்பு ஆகியவற்றிலேயே வேறுபாடு உள்ளது.

ஓட்டம்

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. இது எலும்புகளை உறுதியாக்கும். ஆயினும் பழக்கமின்றித் திடீரெனக் கூடுதலாக ஓடினால் முழங்காலும் கெண்டைக்காலும் நோகும். புதியவர்களுக்காக என்.எச்.எஸ். வழங்கும் 'கவுச் டு 5கே' என்னும் இலவசத் திட்டம், நடையும் ஓட்டமும் கலந்து, வாரம் மூன்று நாட்களாக 9 வாரங்கள் பயிற்றுகிறது. 2004ஆம் ஆண்டு லண்டன் புஷி பூங்காவில் தொடங்கிய 'பார்க்ரன்' நிகழ்வுகள் சனிக்கிழமை காலைகளில் பல பூங்காக்களில் இலவசமாக நடைபெறுகின்றன. அங்கே 5 கிலோமீற்றரை நடந்தும் கடக்கலாம்.

இயந்திரங்கள்

• ட்ரெட்மில்: மாரிகால இருளிலும் பனியிலும் பாதுகாப்பானது. காற்றின் எதிர்ப்பு இல்லாமையால், 1 வீதச் சரிவு வைத்தால் வெளியே ஓடுவதற்கு நெருங்கிய உழைப்புக் கிட்டும். கைப்பிடியில் சாய்ந்தால் உழைப்புக் குறையும். அவசர நிறுத்தக் கயிற்றை உடையில் மாட்டிக்கொள்க.
• நிலையான சைக்கிள்: எடையை இருக்கை தாங்குவதால் முழங்கால் நோவுள்ளோருக்கு ஏற்றது, எலும்புக்குரிய பயன் குறைவு.
• கிராஸ் ட்ரெயினர்: பாதம் மிதியை விட்டு எழாமையால் மூட்டுக்கு அதிர்வு குறைவு.
• துடுப்பு வலிக்கும் இயந்திரம்: கால், முதுகு, கை மூன்றும் உழைக்கும். முறை தவறின் இடுப்பு வலிக்கும். முதல் நாளே பயிற்றுநரிடம் கற்றுக்கொள்க.

திரையில் தோன்றும் கலோரி எண் ஒரு மதிப்பீடே. அதனை நம்பி உணவைக் கூட்ட வேண்டாம்.

தொடங்குமுன்

நெஞ்சு நோ, தலைச்சுற்று, காரணமற்ற மூச்சுத்திணறல் உள்ளோரும், இதய நோயாளரும் முதலில் ஜி.பி.யைக் காண்க. இன்சுலின் எடுப்போருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை தாழலாம். குளுக்கோஸ் வில்லைகளை உடன் வைத்திருக்க. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதுவரை, ஏற்கெனவே இதய நோயோ நீரிழிவோ இல்லாதோர் 5 ஆண்டுக்கு ஒருமுறை இலவச என்.எச்.எஸ். உடல்நலப் பரிசோதனையைப் பெறலாம். சந்திப்பைப் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அதற்குக் கட்டணமில்லை. பயிற்சியின்போது மார்பில் இறுக்கம் ஏற்பட்டு, நிறுத்தி ஓய்வெடுத்தும் நீங்காவிடின் 999ஐ அழைக்க.

கையெழுத்திடுமுன்

உடற்பயிற்சி நிலைய உறுப்புரிமை ஓர் ஒப்பந்தமாகும். குறைந்தபட்சக் காலம் எத்தனை மாதம், விலக எவ்வளவு முன்னறிவித்தல் தேவை என்பவற்றை வாசித்தறிக. இணையத்திலோ தொலைபேசியிலோ சேர்ந்தவருக்குப் பொதுவாக 14 நாட்களுக்குள் விலகும் உரிமை உண்டு. நேரில் கையெழுத்திட்டவருக்கு அவ்வுரிமை தானாகக் கிடைப்பதில்லை. குறைந்த வருமானத்தினருக்கும் முதியோருக்கும் சலுகைக் கட்டணம் உண்டா எனவும் வினவுக.

எதைத் தெரிவுசெய்வது?

மூட்டு நோவு இருப்பின் சைக்கிளோ கிராஸ் ட்ரெயினரோ நன்று. செலவு தடையாயின் விரைநடையில் தொடங்கி ஓட்டத்திற்கு மாறுக. இரண்டும் இயலுமாயின் கோடையில் பூங்காவிலும் மாரியில் நிலையத்திலும் செய்யலாம். அடுத்த ஆண்டும் விடாது செய்யக்கூடியது எதுவோ, அதனையே தெரிவுசெய்க.