ஒத்தி வீட்டில் குடியிருக்கலாமா?

போடிநாயக்கனூரிலும், அங்கிருந்து தேவாரம் செல்லும் சாலையில் உள்ள சிலமலையிலும், மலையடிவாரத்தின் மற்ற ஊர்களிலும் வீடு கைமாறும் வழிகள் மூன்று. கிரயம் ஒன்று, வாடகை ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒத்தி ஒன்று. முதல் இரண்டின் மார்க்கச் சட்டம் பெரும்பாலோர் அறிந்ததே. மூன்றாவதில்தான், தொழுகையும் நோன்பும் தவறாத குடும்பங்கள்கூடத் தம்மை அறியாமல் வட்டியின் வாசலில் போய் நின்றுவிடுகின்றன. ஆகவே ஒத்தியைச் சற்று விரிவாகவும், கிரயத்தில் எழும் சில ஐயங்களைச் சுருக்கமாகவும் இங்கே காண்போம்.

ஒத்தி என்பது என்ன? வீட்டுக்காரர் ஒரு தொகையைக் கடனாகப் பெறுகிறார். கடன் கொடுத்தவர் குறித்த காலம்வரை அவ்வீட்டில் வாடகையின்றிக் குடியிருக்கிறார். தவணை முடிந்ததும் முழுத்தொகையும் திரும்பி வருகிறது. வீடும் திரும்பிப் போகிறது. “பணத்துக்கு வட்டி இல்லை, வீட்டுக்கு வாடகை இல்லை” என்று நம் மக்கள் இதைச் சொல்வது வழக்கம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாட்டுச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று கவனியுங்கள். 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், 58ஆம் பிரிவில், ஒத்தியை அடமானத்தின் ஒரு வகையாகவே வைக்கிறது. கடன் கொடுத்தவர் அனுபவிக்கும் வாடகையும் வருமானமும் ஒன்று வட்டிக்குப் பதிலாக இருக்கலாம், அல்லது அசலில் கழியலாம், அல்லது பகுதி அதற்கும் பகுதி இதற்குமாக இருக்கலாம் என்று அதே பிரிவு கூறுகிறது. அதாவது, வாடகையில்லாக் குடியிருப்பு வட்டியின் இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதை மார்க்க அறிஞர்கள் சொல்லித்தான் அறிய வேண்டும் என்பதில்லை. மார்க்கத்தோடு தொடர்பில்லாத சட்டமே அதைச் சொல்லிவிட்டது!

மார்க்கத்தில் அடமானம் (ரஹ்ன்) கூடும். திருக்குர்ஆன் அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம் அதை அனுமதிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் கவசத்தை ஒரு யூதரிடம் அடமானமாக வைத்துக் கோதுமை வகைத் தானியம் பெற்றது ஹதீஸ் நூல்களில் உள்ளது. எனினும் அடமானப் பொருள் கடனுக்குப் பாதுகாப்பே தவிர, கடன் கொடுத்தவருக்கு ஆதாயம் அன்று. கடன் இழுத்து வரும் ஆதாயம் வட்டியாகும் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் ஒப்புக்கொண்ட விதி.

“வீட்டுக்காரர் மனமுவந்து அனுமதிக்கிறாரே?” என்று கேட்பார்கள். ஹனஃபி மத்ஹபின் நூல்கள் சிலவற்றில், உரிமையாளர் அனுமதித்தால் பயன்படுத்தலாம் என்ற கருத்து உண்டு. அதை எடுத்துக்காட்டுவோர் அதன் பின்பகுதியை விட்டுவிடுகிறார்கள். டமாஸ்கஸின் இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) தமது ரத்துல் முஹ்தாரில் இதை ஆராய்ந்திருக்கிறார். பயன் கிடைக்காது என்றால் மக்கள் கடனே கொடுக்கமாட்டார்கள் என்பது வழக்கமாகிவிட்ட இடத்தில், அந்த வழக்கமே நிபந்தனை ஆகிவிடுகிறது என்பது அங்குள்ள கருத்து. நம் ஊர் நிலை இதுதானே! வீடு கிடையாது என்றால் மூன்று லட்சத்தை எவர் எடுத்துக் கொடுப்பார்?

வேறு சிலர், அடமானம் வைத்த பிராணியில் சவாரி செய்யலாம், அதன் பாலை அருந்தலாம் என்ற ஹதீஸைக் காட்டுவர். அது தீவனச் செலவுக்கு ஈடாகச் சொல்லப்பட்டது. வீடு தீவனம் கேட்பதில்லை.

“ஒத்தி என்று எழுதாமல் திரும்ப வாங்கும் நிபந்தனையோடு கிரயம் என்று எழுதினால்?” என்பதும் பழைய கேள்வியே. முற்காலத்தில் புகாரா, சமர்கந்துப் பகுதிகளின் ஹனஃபி அறிஞர்கள் சிலர் நெருக்கடியை முன்னிட்டு இதற்கு இடம் கொடுத்தனர். ஃபிக்ஹில் இதற்கு ‘பைவுல் வஃபா’ என்று பெயர். ஆனால் 1992இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, இது ஆதாயம் தரும் கடனே என்று கூறிக் கூடாது எனத் தீர்மானித்தது. பெயரை மாற்றுவதால் பொருள் மாறுவதில்லை.

அப்படியானால் வழி? சட்டத்தின் இரண்டாவது கதவு திறந்தே இருக்கிறது: குடியிருப்பின் மதிப்பை அசலில் கழித்தல். எடுத்துக்காட்டாக, ஒத்தித் தொகை 3,00,000 ரூபாய்; அந்தத் தெருவில் அத்தகைய வீட்டுக்கு நியாயமான வாடகை மாதம் 4,000 ரூபாய்; காலம் மூன்று ஆண்டுகள் என்று கொள்வோம். 36 மாதத்துக்கு 1,44,000 ரூபாய் ஆகிறது. வழக்கமான ஒத்தியில் குடியிருந்தவர் இந்த 1,44,000 ரூபாய்ப் பயனையும் அடைந்து, 3,00,000 ரூபாயையும் முழுதாக வாங்கிக்கொண்டு போகிறார். அந்த மேல்மிச்சந்தான் வட்டி. கழிவு முறையில் அவர் கையில் திரும்புவது 1,56,000 ரூபாய். கொடுத்ததும் பெற்றதும் சமம். வீட்டுக்காரருக்கும் தவணை முடிவில் மூன்று லட்சத்தைப் புரட்ட வேண்டிய பாரம் ஏறத்தாழப் பாதியாகிறது. வீட்டை மீட்க முடியாமல் மேலும் மேலும் தொகை வாங்கி, ஒரே வீட்டை மறுபடி மறுபடி ஒத்திக்கு வைத்துக் கடைசியில் அதற்கே கிரயம் எழுதிக் கொடுப்பவர்களை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

ஒரு தந்திரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பெயருக்கு மாதம் நூறு ரூபாய் வாடகை என்று எழுதி, “கழித்துவிட்டோம்” என்பது. கடனுக்காக வாடகையைக் குறைத்தால் அந்தக் குறைவும் கடனால் வந்த ஆதாயமே. அக்கம்பக்கத்து வாடகைதான் அளவு.

ஒத்திக்கு வாங்கியவர் தம் முறைக்கு அதே வீட்டை இன்னொருவருக்கு ஒத்திக்கு விடலாமா? கூடாது. அடமானப் பொருள் அவரிடம் அமானிதம். உரிமையாளரின் சம்மதமின்றி அதை மறு அடமானம் வைக்க ஃபிக்ஹில் இடமில்லை.

இனிப் பத்திரம். அல்பகராவின் 282ஆம் வசனம் தவணைக் கடனை எழுதி வைக்கவும், இரு ஆண்களையோ, ஓர் ஆணையும் இரு பெண்களையுமோ சாட்சியாக்கவும் பணிக்கிறது. சட்டத்தின் 59ஆம் பிரிவும் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட ஒத்தியைப் பதிவு செய்து, குறைந்தது இரண்டு சாட்சிகளின் கையெழுத்தோடு எழுதச் சொல்கிறது. நம்மவர்கள் செய்வதோ இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி அலமாரியில் வைப்பது. பதியாத ஒத்தி வில்லங்கச் சான்றில் ஏறாது. வீட்டுக்காரர் அதே வீட்டை வங்கியில் வைத்துக் கடன் வாங்கினால், ஒத்திக்குக் கொடுத்தவரின் நிலை என்னாகும்? மீட்கும்போதும் பணம் பெற்றுக்கொண்ட ரசீதைப் பதிந்துவிட வேண்டும். இல்லையேல் முடிந்துபோன ஒத்தி வில்லங்கச் சான்றில் உயிரோடு நிற்கும்.

வீடு வாங்குவோர் இதன் மறுபக்கத்தை அறிய வேண்டும். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது என்பதோடு நின்றுவிடாமல், வீட்டுக்குள் யார் குடியிருக்கிறார், எந்த உரிமையில் என்று கதவைத் தட்டிக் கேளுங்கள். குடியிருப்பவருக்கு உள்ள உரிமையை வாங்குபவர் அறிந்தவராகவே சட்டம் கருதும். வெறும் பவர் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு வீடு நம்முடையது என்றும் எண்ண வேண்டாம். அது கிரயம் ஆகாது என்று உச்சநீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வில்லங்கச் சான்றில் தெரியாத இன்னொன்று வாரிசு உரிமை. முஸ்லிம் வீடுகளில் இதுவே பெரிய வில்லங்கம். தாய் தந்தையை முன்பே இழந்த ஒருவர் மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறக்கிறார். கடனும் வஸிய்யத்தும் போக, சொத்தை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகளுக்கு 7. “அத்தா வீடு, நாங்கள் இருவர்தான்” என்று மகன்கள் மட்டும் கையெழுத்திட்டுக் கொடுத்தால், வாங்கியவருக்குச் சேர்வது 28 பங்கு. மிச்சம் 12 பங்கு ஒரு விதவையுடையதும் ஒரு மகளுடையதும்! வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழைப் பார்த்து, அதிலுள்ள அனைவரையும் கையெழுத்திடச் செய்யாமல் முன்பணம் கொடுப்பது வாங்குபவரின் அலட்சியமே.

“தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே செய்துவிட்டோம்” என்ற பதிலை எல்லா ஊரிலும் கேட்கலாம். தகப்பனார் உயிரோடிருக்கும்போது மகளுக்குப் பங்கே பிறக்கவில்லை. பிறக்காத பங்கை நகையால் எப்படி அடைக்க முடியும்? தோட்ட நிலத்துக்கு இது பொருந்தாது என்பதும் தவறான எண்ணம். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை ஒதுக்கி வைத்தது உண்மை. ஆனால் அன்றைய சென்னை மாகாணம் 1949இல் செய்த திருத்தம் அதையும் உள்ளே கொண்டுவந்தது. மலைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள ஏலத்தோட்டங்களின் பட்டா நிபந்தனைகள் வேறு. அவற்றை அங்குள்ள வழக்கறிஞரிடமே கேட்க வேண்டும்.

விற்பவர் வீட்டின் குறையையும் உரிமையின் குறையையும் மறைக்கக் கூடாது. சட்டத்தின் 55ஆம் பிரிவும் இதையே கடமையாக்குகிறது. மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்கு வெயில் காலத்தில் வெள்ளையடித்துக் காட்டுவது வியாபாரத் திறமை அன்று.

கடைசியாக, ஒத்திப் பணத்துக்கு ஸகாத் உண்டா? உண்டு. அது திரும்பி வரக்கூடிய கடன், கொடுத்தவரின் சொத்து. ஹனஃபி மத்ஹபில் பணம் கைக்கு வந்தபின் கடந்த ஆண்டுகளுக்கும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்றாலும், ஆண்டுதோறும் கொடுப்பது எளிது. மேலே சொன்ன கழிவு முறையில் முதலாண்டு முடிவில் வரவேண்டியது 2,52,000 ரூபாய். அதற்கு ஸகாத் 6,300 ரூபாய். வீட்டுக்காரரோ, தம் ஸகாத்தைக் கணக்கிடும்போது அதே தொகையைக் கடனாகக் கழித்துக்கொள்ளலாம்.