புது டிஸ்க் கணினியில் தெரியவில்லையா?

சென்னை ரிச்சி தெருவில் டிஸ்க் வாங்கிப் போகிறவர்களில் சிலர், அதே அட்டைப்பெட்டியோடு கடைக்குத் திரும்பி வருவதுண்டு. 'திஸ் பிசி'யைத் திறந்தால் பழைய சி டிரைவ் மட்டும்தான் இருக்கிறது, புதியதைக் காணோம் என்பது புகார். பல நேரம் டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது. புத்தம்புது டிஸ்க்கை மாட்டியதோடு வேலை முடிவதில்லை. அதைத் தயார்செய்தால்தான் விண்டோஸ் அதற்கு ஓர் எழுத்துக் கொடுத்து வரிசையில் காட்டும்.

மாட்டுவது எளிது. சாட்டா டிஸ்க் என்றால் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டும் வேண்டும். எம்.2 என்றால் ஒரு குட்டித் திருகு போதும். சில மதர்போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழக்கும் என்பதால் கையேட்டை ஒருமுறை புரட்டிவிடுவது நல்லது. பயாஸில் டிஸ்க்கின் பெயர் தெரிந்துவிட்டால் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வைத்துவிடலாம்.

அடுத்து, விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்தி 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டைத் திறக்க வேண்டும். திறந்ததுமே 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று ஒரு பெட்டி எழும்பும். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பயந்து 'கேன்சல்' கொடுத்தவர் கவலைப்பட வேண்டாம். கீழே இடப்பக்கத்தில் அந்த டிஸ்க்கின் பெயர்மேல் வலது கிளிக் செய்தால் அதே பெட்டி திரும்ப வரும். யோசிக்காமல் 'ஓகே' கொடுப்பவர்தான் கவலைப்பட வேண்டும்.

முதலில், இது எந்த டிஸ்க்? 'டிஸ்க் 0', 'டிஸ்க் 1' என்ற எண்களை நம்பக் கூடாது. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்தான் 0 என்று கட்டாயம் எதுவுமில்லை. கொள்ளளவைப் பார்க்க வேண்டும். புதியது 'நாட் இனிஷியலைஸ்டு' என்றும், அதன் பட்டை கறுப்பாக 'அன்அலொகேட்டட்' என்றும் இருக்கும். வேறு கணினியிலிருந்து கழற்றி வந்த பழைய டிஸ்க்குக்கு இதே கேள்வி வந்தால் கையை எடுத்துவிட வேண்டும்: உள்ளே கல்யாணப் படங்கள் இருக்கலாம்.

அடுத்து அந்தப் பெட்டி கேட்பது, டிஸ்க்கின் பகுதிகளைக் குறித்துவைக்கும் முறை எம்பிஆரா, ஜிபிடியா? ஜிபிடி. விவாதமே வேண்டாம். எம்பிஆர் 1983இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த முறை. வழக்கமான டிஸ்க்குகளில் 2 டிபிக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. 4 டிபி டிஸ்க்கை எம்பிஆராகத் தொடங்கினால் 2,048 ஜிபி ஒரு துண்டாகவும், மிச்சம் ஏறக்குறைய 1,678 ஜிபி எதற்கும் உதவாத கறுப்புப் பட்டையாகவும் நிற்கும். அதில் வலது கிளிக் செய்தால் 'நியூ சிம்பிள் வால்யூம்' மங்கிக் கிடக்கும். தரவு எதுவும் ஏற்றாதவரை வால்யூமை அழித்துவிட்டு 'கன்வர்ட் டு ஜிபிடி டிஸ்க்' கொடுத்தால் சரியாகிவிடும். ஏற்றிவிட்டால் முதலில் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகலெடுக்க வேண்டும், அது ஒரு நாள் கூத்து.

மீதியெல்லாம் 'நெக்ஸ்ட்'தான். கறுப்புப் பட்டையில் வலது கிளிக், 'நியூ சிம்பிள் வால்யூம்', என்டிஎஃப்எஸ், 'குவிக் ஃபார்மட்' டிக்கோடு. அந்த டிக்கை எடுத்தால் பெரிய ஹார்ட் டிஸ்க் மணிக்கணக்கில் உழும்; எஸ்எஸ்டிக்கு அது வீண். மேக்கிலும் எழுத வேண்டிய டிஸ்க் என்றால் மட்டும் எக்ஸ்ஃபேட். டி, இ, எஃப் என்று கூறுபோடும் பழைய அசெம்பிளி கடைப் பழக்கம் வேண்டாம். ஒன்று நிறைந்து மற்றொன்று காலியாகக் கிடக்கும். ஒரே வால்யூம், உள்ளே ஃபோல்டர்கள்.

கடைசியாக ஒன்று: 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றுதான் காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.