டவர் மாறும் அந்த அரை நொடி

பைபாஸ் ரோட்டில் 90 கி.மீ. வேகத்தில் பஸ் போகுதுன்னு வெச்சுக்கோங்க. நொடிக்கு 25 மீட்டர். உங்கள் ஃபோன் டவர் விட்டு டவர் தாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஹேண்டோவர் என்று வயர்லெஸ் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதற்கு ஆகிற மின்சாரச் செலவைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எப்போது தாவுவது? எல்டிஇ, 5ஜி இரண்டிலும் பரவலாகப் பயன்படுவது ஏ3 ஈவென்ட். பக்கத்து செல்லின் சிக்னல், இப்போதுள்ள செல்லைவிடக் குறிப்பிட்ட டெசிபல் அளவு கூடுதலாக இருக்க வேண்டும். இருந்தா மட்டும் போதாது. ‘டைம் டு ட்ரிகர்’ என்ற நேரம் முழுக்க அது நீடிக்க வேண்டும். பிறகுதான் ஃபோன் ரிப்போர்ட் அனுப்பும். இந்த நேரத்துக்கு 0 முதல் 5120 மில்லி நொடி வரை 16 மதிப்புகள் உண்டு.

640 வெச்சா, அதற்குள் பஸ் 16 மீட்டர் போயிடும். பெரிய செல்லில் பரவாயில்லை. தெருமுனை ஸ்மால் செல்லில், ஒரு கட்டடத்தைத் தாண்டித் திரும்பினாலே பழைய சிக்னல் படுத்துடும். லிங்க் அறுந்தால் ஃபோன் மறுபடி செல் தேடி, ராண்டம் ஆக்சஸ் செய்து இணைப்பை மீட்க வேண்டும். அவ்வளவு நேரமும் ரேடியோ தூங்காது.

சரி, 40 வெச்சுடலாமா? ஒரு கண நேர ஃபேடிங்கை நம்பி அடுத்த செல்லுக்குத் தாவி, உடனே திரும்பி வரும். பிங்பாங்! ஒவ்வொரு தாவலுக்கும் சிக்னலிங் செலவு.

ப்ராஜெக்ட் பண்றவங்க இதைக் கவனிங்க. ஹேண்டோவர் எண்ணிக்கை குறைந்தது, ஆற்றல் மிச்சம் என்று கிராஃப் போடுவது சுலபம். டைம் டு ட்ரிகரை ஏத்தினா எண்ணிக்கை தானா குறையும். லிங்க் அறுந்த செலவையும் ஜூல் கணக்கில் கூட்டிக் காட்டுங்க.

எல்டிஇயிலேயே ஒரு வழி உண்டு. சமீபத்தில் எத்தனை செல் மாறினோம் என்று எண்ணி ஃபோன் தன் வேகத்தை ஊகிக்கும். அதற்கேற்ப அந்த நேரத்தை 0.5, 0.25 என்று பெருக்கிக் குறைத்துக்கொள்ளும். ஜிபிஎஸ்ஸே வேண்டாம்! ஆனால் செல்கள் சிறியதாக இருந்தால் சைக்கிளில் போறவரையும் காரில் போறவரா நினைச்சுடும்.

3ஜிபிபி ரிலீஸ் 16-இல் வந்த கண்டிஷனல் ஹேண்டோவர் வேறு மாதிரி. லிங்க் நன்றாக இருக்கும்போதே கட்டளையை வாங்கி வைத்துக்கொண்டு, நிபந்தனை நிறைவேறியதும் ஃபோன் தானே தாவும். அறுபடுவது குறையும். பதிலுக்கு, தயாராக இருக்கும் ஒவ்வொரு செல்லும் இடம் ஒதுக்கிக் காத்திருக்கணும். ஃபோன் அத்தனையையும் அளந்துகொண்டே இருக்கணும். 8 செல் வரை தயார் செய்யலாம். ஆனால் பஸ் ரோட்டை விட்டு எங்கே போகப் போகுது? அடுத்த இரண்டு செல் எதுன்னு முன்கூட்டியே கணிச்சுட்டா மீதி 6 செல்லை எழுப்பவே வேண்டாம்.