சீவாளி பழக வேண்டும்

மறுநாள் காலை 6 மணிக்கு முகூர்த்தம். நாகசுரம் வாசிப்பவர் ஊரில் பெரியவர். அவருடைய தங்கை மகனும் உடன் வாசிக்க வேண்டும். அவனுக்கு அதுதான் முதல் கல்யாணக் கச்சேரி.

இரவில் அவன் ஒரு புதிய சீவாளியை எடுத்தான். ஊதினான். காற்றுதான் வந்தது. நாதம் வரவில்லை. கன்னம் வலித்தது. உடனே கத்தியை எடுத்துச் சீவினான். மறுபடி ஊதினான். சீவாளி கீச்சென்று கத்தியது.

"மாமா, இது கெட்டுப் போச்சு!" என்றான்.

"கெட்டுப் போகலை. நீதான் கெடுத்துட்டே" என்றார் பெரியவர்.

சீவாளி என்பது நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் பகுதி. நாணல் தட்டையால் செய்வது. காவிரிக் கரை நாணல் இதற்கு ஏற்றது. மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள திருவாவடுதுறை, சீவாளிக்குப் பெயர் பெற்ற ஊர். சீவாளியில் இரண்டு இதழ்கள் உண்டு. ஊதினால் இதழ்கள் அதிரும். அந்த அதிர்வுதான் நாதம் ஆகிறது.

புதிய இதழ் விறைப்பாக இருக்கும். அதைப் பழக்கும் முறையைப் பெரியவர் சொன்னார்:

"முதலில் எச்சிலில் நன்றாக நனை. காய்ந்த இதழை அழுத்தினால் விரிசல் விடும். முதல் நாள் 5 நிமிஷம் மெதுவாக ஊது. போதும். தினமும் கொஞ்சம் கூட்டு. வாய் அகலமாக இருந்தால், நனைந்த பிறகு விரலால் மெல்ல அழுத்து. மூடியிருந்தால் ஊசியால் மெல்ல விரி. வாசித்து முடித்ததும் துடைத்து, நிழலில் காய வை. இத்தனைக்கும் சரிப்படாவிட்டால்தான் கத்தி. இரண்டு பக்கமும் சமமாக, பொடி உதிரும் அளவுக்குச் சீவு. ஊதிப் பார்த்துவிட்டு மறுபடி சீவு. சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது."

பையன் தலை குனிந்தான். "நாளைக்கு என்ன செய்வேன் மாமா?"

பெரியவரின் நாகசுரத்தில் சில சீவாளிகள் கயிற்றில் தொங்கின. எல்லாம் பல நாள் பழக்கியவை. அதில் ஒன்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

"இது எதுக்குத் தொங்குதுன்னு இப்பப் புரியுதா?" என்றார்.

காலையில் தாலி கட்டும்போது கெட்டிமேளம் முழங்கியது. பையனின் நாகசுரமும் கணீரென்று ஒலித்தது.

அன்று மாலையே அவன் இன்னொரு புதிய சீவாளியை நனைத்தான். 5 நிமிஷம் மட்டும் ஊதினான்.

பயிற்சி

1. சீவாளி எதனால் செய்யப்படுகிறது?
2. இதழை நனைக்காமல் அழுத்தினால் என்ன ஆகும்?
3. கத்தியை ஏன் கடைசியில் எடுக்க வேண்டும்?
4. உங்கள் தொழிலில் புதிய கருவியை எப்படிப் பழக்குவீர்கள்? நான்கு வரி எழுதுங்கள்.