பாவித்த மடிக்கணினி வாங்குவோர்க்கு: ஏழாம் தலைமுறைச் செயலியா, எட்டாம் தலைமுறைச் செயலியா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. அலுவலகங்கள் குத்தகைக்கு எடுத்துத் திருப்பிக் கொடுக்கும் மடிக்கணினிகள் ஜேர்மனியின் பாவித்த பொருட்சந்தைக்கு எப்போதும் வருபவைதாம். ஆயினும் அத்திகதிக்குப் பின்னர், வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் இரு கருவிகளிடையே பெரியதொரு வேறுபாடு உண்டாகிவிட்டது. பிள்ளையின் பாடசாலைத் தேவைக்காகவோ, வேலை விண்ணப்பம் எழுதுவதற்காகவோ இத்தகைய கருவியை வாங்க எண்ணும் குடும்பங்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகின்றது. இன்டெல் நிறுவனத்தின் பழைய செயலிகள் இரண்டை எடுத்து ஒப்பிட்டு, வேகத்தையும் விலைப்பெறுமதியையும் ஆராய்ந்தபின், வாங்குவோருக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பையும் பார்ப்போம்.

ஒப்பிட எடுத்துக்கொண்டவை, 2016 ஓகஸ்ட்டில் வெளியான கோர் ஐ5-7200யூ என்பதும், சரியாக ஓராண்டு கழித்து 2017 ஓகஸ்ட்டில் வெளியான கோர் ஐ5-8250யூ என்பதுமாகும். இவற்றின் பெயரைப் படிக்கத் தெரிந்துகொள்வதே முதற்பாடம். நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம் தலைமுறையைக் குறிக்கும். ஆகவே 7200 என்பது ஏழாம் தலைமுறை. 8250 என்பது எட்டாம் தலைமுறை. இறுதியில் வரும் 'யூ' என்ற எழுத்து, மின்சாரம் குறைவாக உண்ணும் மெல்லிய மடிக்கணினிகளுக்கென ஆக்கப்பட்டது என்பதற்கு அடையாளம். விளம்பரத்தில் 'கோர் ஐ5' என்று மட்டும் எழுதியிருந்தால், அது 'மகிழுந்து, நான்கு சக்கரம்' என்று எழுதியதற்கு ஒப்பானது. முழு எண்ணையும் கேட்டுப் பெறாமல் விலை பேச வேண்டாம்.

இரண்டும் 14 நானோமீற்றர் முறையில் செய்யப்பட்டவை. உள்ளமைப்பும் பெரும்பாலும் ஒன்றே. இரண்டுக்கும் வகுக்கப்பட்ட வெப்ப வரம்பு 15 வாட். வேறுபாடு, செயலியின் உள்ளே வேலை செய்யும் கருக்களின் தொகையில் உள்ளது. 7200யூ இரண்டு கருக்களைக் கொண்டு ஒரே வேளையில் நான்கு பணியிழைகளைக் கையாளும். 8250யூ நான்கு கருக்களைக் கொண்டு எட்டு இழைகளைக் கையாளும். இடைநினைவகமும் 3 மெகாபைட்டிலிருந்து 6 மெகாபைட்டாக உயர்ந்தது. அடிப்படை வேகத்தைப் பார்த்தால் 7200யூ 2.5 கிகாஹேர்ட்ஸ், 8250யூ 1.6 கிகாஹேர்ட்ஸ், இதனைக் கண்டு பழையதே வேகமானது என்று முடிவு செய்பவர்கள் உண்டு. தேவையேற்படும்போது எட்டக்கூடிய உச்ச வேகம் முறையே 3.1, 3.4 என்பதே இங்கே கவனிக்கத்தக்கது.

கருக்கள் இரட்டித்தமையால் வேகமும் இரட்டிக்குமா என்றால், இல்லை. இரண்டு அடுப்பு வைத்திருந்த சமையலறையில் நான்கு அடுப்பு வைத்துவிட்டு, எரிவாயுக் குழாயை மட்டும் பழைய அளவிலேயே விட்டதைப் போன்றது இது. நான்கையும் ஒருசேரப் பற்றவைத்தால் ஒவ்வொரு சுவாலையும் தணிந்தே எரியும். எனினும் இரண்டில் சமைப்பதைவிடச் சாப்பாடு முன்னதாகவே ஆயத்தமாகும். அவ்வாறே 15 வாட் வரம்புக்குள் நான்கு கருக்களும் உழைக்கும்போது ஒவ்வொன்றின் வேகமும் குறைக்கப்படுகின்றது. எட்டாம் தலைமுறையை அறிமுகம் செய்தபோது இன்டெல் நிறுவனமே முந்திய தலைமுறையைவிட 40 சதவீதம் வரை கூடுதல் திறன் என்றுதான் கூறியது. விற்பவர் கூற்றாதலால் அதனை மேல்வரம்பாகவே கொள்ள வேண்டும்.

அன்றாடப் பயன்பாட்டில் இது எப்படித் தெரியும்? ஒரு கடிதம் தட்டச்சுச் செய்வது, வங்கிக் கணக்கைப் பார்ப்பது, வரி அறிக்கையை இணையவழி 'எல்ஸ்டர்' மூலம் அனுப்புவது போன்றவை பெரும்பாலும் ஒரு கருவின் வேகத்தையே நம்பியிருப்பவை. இவற்றில் பத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலும் கைக்குத் தெரியாது. காணொளி பார்ப்பதிலும் ஏறத்தாழச் சமநிலையே. இரண்டின் வரைகலைப் பகுதியும் ஒன்றையொன்று ஒத்தவை. ஆனால் பிள்ளை இணையவழி வகுப்பில் படம் காட்டிப் பேசிக்கொண்டே, பத்துப் பன்னிரண்டு இணையப் பக்கங்களைத் திறந்து வைத்து, பின்னணியில் வைரசு எதிர்ப்பு மென்பொருளும் ஓடும்போது 7200யூ திணறும், 8250யூ தாக்குப்பிடிக்கும். இவ்விடத்தில் ஓர் இடைக்குறிப்பு: கருவியில் பழைய சுழல் வன்தட்டு இருப்பின் எந்தச் செயலியும் மந்தமாகவே தோன்றும். திண்மநிலை வட்டும் குறைந்தது 8 கிகாபைட் நினைவகமும் இல்லாத கருவியில் செயலியைப் பற்றி வாதிடுவது வீண்.

மின்கட்டணத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு மடிக்கணினி சராசரியாக 20 வாட் எடுத்து நாளொன்றுக்கு நான்கு மணிநேரம் இயங்குவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 29 கிலோவாட் மணி. கிலோவாட் மணிக்கு 35 சதம் என்று கணக்கிட்டால் சுமார் 10 யூரோ. இவ்விரண்டு செயலிகளுக்கும் அது பொதுவானதே.

உண்மையான எல்லைக்கோடு

2021 ஒக்டோபர் 5ஆம் திகதி விண்டோஸ் 11 வெளியானபோது, ஆதரிக்கப்படும் செயலிகளின் பட்டியலை மைக்ரோசொஃப்ட் எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்கியது. ஏழாம் தலைமுறையில் விதிவிலக்காகச் சேர்க்கப்பட்டவை மிகச் சிலவே. 7200யூ அவற்றில் இல்லை. ஆக, பன்னிரண்டு மாத இடைவெளியில் பிறந்த இரு செயலிகளுள் ஒன்று எல்லைக்கு இப்பாலும் மற்றொன்று அப்பாலும் நின்றுவிட்டன. உள்ளமைப்பில் இவ்வளவு நெருங்கியவற்றை இப்படிப் பிரித்தது தொழில்நுட்ப நியாயத்தைவிட வணிக நியாயத்துக்கே அணுக்கமானது என்பது என் கருத்து. ஆயினும் வாங்குபவர் நியாயத்தை அன்று, விளைவையே விலைக்கு வாங்குகிறார்.

7200யூ உள்ள கருவியில் விண்டோஸ் 10ஐத் தொடர்ந்து வைத்திருப்போர், ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் வசிப்பவராயின், நீடித்த பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை 2026 ஒக்டோபர் 13 வரை கட்டணமின்றிப் பெறலாம். அதற்கு மைக்ரோசொஃப்ட் கணக்கு வேண்டும். அறுபது நாட்களுக்கு ஒருமுறையாவது அக்கணக்கில் உள்நுழையவும் வேண்டும்.

இப்போது பெறுமதியைக் கணக்கிடலாம். 2026 ஜனவரியில் ஏழாம் தலைமுறைக் கருவி 90 யூரோவுக்கும், எட்டாம் தலைமுறைக் கருவி 160 யூரோவுக்கும் கிடைக்கிறது என எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதலாவது, விண்டோஸ் 10 உடன் ஒன்பது மாதமே பாதுகாப்பாக உழைக்கும். மாதத்துக்கு 10 யூரோ. இரண்டாவது மூன்று ஆண்டு உழைத்தாலும் மாதத்துக்கு நாலரை யூரோவுக்கும் குறைவு. மலிவென்று தோன்றியது மலிவன்று.

ஆனால் இக்கணக்கு விண்டோஸைக் கட்டிக்கொண்டிருப்போருக்கே பொருந்தும். உபுண்டு 24.04, அதனை அடியொற்றிய லினக்ஸ் மின்ட் 22 ஆகிய இயங்குதளங்கள் 7200யூவில் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றுக்கான இற்றைப்படுத்தல் 2029 வரை அறிவிக்கப்பட்டுள்ளது. விலை கிடையாது. தமிழ் விசைப்பலகையும் உள்ளது. ஊரிலுள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசவும் செய்தி படிக்கவும் மட்டும் விரும்பும் முதியவருக்கு 90 யூரோக் கருவியே போதுமானது. நானாயின் அதைத்தான் வாங்கிக் கொடுப்பேன். நிறுவுவதற்குத் தயங்குவோர், பல நகரங்களில் தன்னார்வலர்கள் நடத்தும் 'ரிப்பேர்-கஃபே'க்குக் கொண்டு செல்லலாம். பாடசாலை குறிப்பிட்டதொரு மென்பொருளைக் கட்டாயமாக்கியிருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே ஆசிரியரிடம் கேட்டறிக.

பெயரில் மறையும் பொறிகள்

மாதிரிப் பெயர் செயலியைச் சொல்லிவிடாது. லெனோவோவின் திங்க்பேட் டி480 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையுடன் அறியப்பட்டாலும், ஏழாம் தலைமுறைச் செயலியுடனும் அது விற்கப்பட்டுள்ளது. அவ்வாறே 'ஐ7' என்ற பெயருக்கு மயங்குவோரும் உளர். ஐ7-7500யூ என்பது இரண்டே கருக்களைக் கொண்ட ஏழாம் தலைமுறைச் செயலி. பல பணிகளை ஒருசேரச் செய்வதில் ஐ5-8250யூ அதனை முந்திவிடும். கருவி கையில் இருக்கும்போது 'ஐன்ஸ்டெலுங்கன்', 'சிஸ்டம்', 'இன்ஃபோ' என்ற வரிசையில் திறந்தால், 'புரொசெஸோர்' என்பதற்கு எதிரே முழுப்பெயர் தெரியும்.

மூன்றாவது பொறி இவற்றினும் நுட்பமானது. ஏழாம் தலைமுறைக் கருவியிலும், சோதனையைத் தாண்டும் குறுக்குவழியால் விண்டோஸ் 11ஐ நிறுவிவிட முடியும். 'விண்டோஸ் 11 நிறுவப்பட்டது' என்ற விளம்பரம் அப்போது பொய்யன்று. ஆனால் முழு உண்மையுமன்று. அத்தகைய கருவிக்கு இற்றைப்படுத்தல் பெறும் உரிமை இல்லை என்று மைக்ரோசொஃப்ட் அறிவித்துள்ளது. 'இச்செயலி விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வமாக ஆதரிக்கப்படுகிறதா?' என்று எழுத்தில் கேட்டு, விடையையும் எழுத்திலேயே பெறுக.

சட்டம் சொல்வது

எழுத்தை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. கருவியின் பண்பு குறித்து விற்பவரும் வாங்குபவரும் இணங்கியது எதுவோ, அதிலிருந்து பொருள் வேறுபட்டால் அது குறைபாடு என்பது ஜேர்மன் குடியியல் சட்டக்கோவையின் 434ஆம் பிரிவு. விளம்பரத்தில் 8250யூ என எழுதி, உள்ளே 7200யூ இருந்தால், கருவி நன்றாக இயங்கினாலும் அது குறைபாடுடையதே. முதலில் சீர்செய்தல் அல்லது மாற்றித் தருதல். அது நிறைவேறாதபோது விலைக்குறைப்பு அல்லது ஒப்பந்தத்திலிருந்து விலகல் என்பது பொதுவான ஒழுங்கு.

தனியாரிடம் வாங்கும்போது நிலை வேறு. தனியார் தம் பொறுப்பை விலக்கிக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது; விளம்பரங்களின் கீழே வரும் அவ்வாசகத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவ்விலக்கு எல்லாவற்றையும் விழுங்கிவிடாது. இணைய ஏலத்தில் தனியார் ஒருவர் விற்ற மோட்டார் சைக்கிளின் ஓட்டத் தூரம் பற்றிய வழக்கில், 2006 நவம்பர் 29ஆம் திகதி கார்ல்ஸ்ரூவிலுள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், வெளிப்படையாக இணங்கப்பட்ட பண்புக்குப் பொதுவான பொறுப்பு விலக்குச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. செயலியின் எண்ணுக்கும் அதே தர்க்கம் பொருந்தும். 'கெகவுஃப்ட் வீ கெசேன்', அதாவது 'பார்த்தபடியே வாங்கியது' என்னும் வாசகமும், சாதாரண மனிதர் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய குறைகளை மட்டுமே விலக்கும் என்று ஓல்டன்பூர்க் மேல்நிலை நீதிமன்றம் 2017இல் ஒரு மகிழுந்து வழக்கில் கூறியது.

வணிகரிடம் வாங்குவோருக்குப் பாதுகாப்பு மிகுதி. சட்டப்படியான பொறுப்புக் காலம் இரண்டு ஆண்டுகள். பாவித்த பொருளுக்கு அதனை ஓராண்டாகக் குறைக்கலாம். ஆனால் 2022 ஜனவரி 1 முதல், அதனை வாங்குபவருக்கு முன்கூட்டியே தனியாக அறிவித்து, வெளிப்படையாகவும் வேறாகவும் இணங்கியிருக்க வேண்டும். பொது விற்பனை விதிகளின் நடுவே ஒரு வரியாக ஒளித்து வைத்தால் போதாது. பொருள் கைக்கு வந்த ஓராண்டுக்குள் தெரியவரும் குறை, தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிறுவுவது விற்பவரின் கடமை.

மொழிபெயர்ப்பு மேசையில் அடிக்கடி காணும் குழப்பம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'கெவேர்லைஸ்டுங்', 'கரன்டீ' என்னும் இரு சொற்களையும் நம் வீடுகளில் 'கரண்டி' என்றே சொல்லிவிடுகிறோம். முன்னது சட்டம் விற்பவர் மீது சுமத்தும் பொறுப்பு. பின்னது உற்பத்தியாளரோ விற்பவரோ தாமாக முன்வந்து அளிக்கும் உறுதி. 'கரன்டீ முடிந்துவிட்டது' என்று கடைக்காரர் எழுதும் கடிதம், 'கெவேர்லைஸ்டுங்' முடிந்துவிட்டது என்று பொருள்படாது. அதைப் போலவே, பதினான்கு நாட்களுக்குள் காரணமின்றித் திருப்பிக் கொடுக்கும் உரிமை, வணிகரிடம் இணையம் அல்லது தொலைபேசி வழியாக வாங்கியவற்றுக்கே உரியது. கடைக்கு நேரிற் சென்று வாங்கியதைத் திரும்ப ஏற்பது கடைக்காரரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது.

விளம்பரப் பக்கத்தைப் பணம் செலுத்துவதற்கு முன்னரே படம் பிடித்து வைத்துக்கொள்க. விற்பனை முடிந்ததும் அது மறைந்துவிடும். பற்றுச்சீட்டில் செயலியின் முழு எண்ணையும் எழுதித் தரும்படி கேட்கலாம். தகராறு எழுந்தால், ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள 'ஃபெர்பிரவுஹர்சென்ட்ராலெ' என்னும் நுகர்வோர் மையத்தில் கட்டணத்துடன் ஆலோசனை பெறலாம். வருமானம் குறைந்தோர் தம் பகுதி 'அம்ட்ஸ்கெரிஹ்ட்' நீதிமன்றத்தில் 'பெராட்டுங்ஸ்ஹில்ஃபெ' சான்றிதழ் கோரலாம். அது கிடைத்தால் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனைக்கு அவர் உங்களிடம் கேட்கக்கூடியது 15 யூரோ மட்டுமே. விண்ணப்பத்துடன் வருமானச் சான்றும் வாடகைச் சான்றும் வங்கிக் கணக்கு அறிக்கையும் கொண்டு செல்க.