சொல்லின் தலையில் ஓர் எழுத்து



இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, தொலைக்காட்சிச் செய்தியின் கீழே ஓடிய வரியை அப்பம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். "ஏதோ சந்தோசமான விசயம் நடந்திருக்குது, அப்பம்மா" என்றாள். அப்பம்மாவும் மகிழ்ந்தார். உண்மையில் அங்கே இருந்தது ஒரு வீதி விபத்துச் செய்தி. பிள்ளைக்கு 'லிக்கெ' தெரியும். மகிழ்ச்சி, நற்பேறு என்று பொருள். சோதனைக்குப் போகும்போது 'லிக்கெ தில்' என்று வாழ்த்தக் கேட்டிருக்கிறாள். அதன் தலையில் நின்ற 'ஊ'வை மட்டும் விட்டுவிட்டாள். 'ஊலிக்கெ' என்றால் விபத்து.

இதைச் சிரித்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் ஒஸ்லோவில் எங்கள் வீடுகளுக்கு வரும் கடிதங்களை எத்தனை பிள்ளைகள் வாசித்துச் சொல்கிறார்கள்! 'ஃபார்லி' என்றால் ஆபத்தானது, 'ஊஃபார்லி' என்றால் ஆபத்தில்லாதது. 'யில்டி' என்றால் செல்லுபடியாகும், 'ஊயில்டி' என்றால் செல்லாது. ஓர் எழுத்து தவறினால் பொருள் தலைகீழாகிவிடும். 1997 முதல் இங்கு பிள்ளைகள் ஆறு வயதில் பாடசாலை தொடங்குகிறார்கள். ஏழெட்டு வயதில் வாசிப்பு ஓடத் தொடங்கும்போதே இந்த முன்னொட்டுகளைக் காட்டிக் கொடுப்பது நல்லது. நொர்வேஜிய மொழி அவ்வளவாக வராத பெற்றோரும் இதைச் செய்யலாம். (இங்கே தமிழ் எழுத்தில் தரும் நொர்வேஜியச் சொற்களில் ஒலி சரியாக அமையாது. பிள்ளையைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். உங்களைத் திருத்துவதில் அவர்களுக்குத் தனி மகிழ்ச்சி.)

விரலே கருவி. சொல்லின் முதல் எழுத்தை விரலால் மூடச் சொல்லுங்கள். மீதி ஒரு சொல்லா? 'உல்வ்' (ஓநாய்), 'உல்' (கம்பளி), 'ஊக்கெ' (கிழமை) ஆகியவற்றில் மீதி ஒன்றுமில்லை. ஆகவே அங்கே முன்னொட்டும் இல்லை. ஆனால் 'ஊத்தெ' என்ற சொல்லை மூடினால் 'தே' மிஞ்சும். அது தேநீர். 'ஊத்தெ' என்றால் வெளியே. தேநீர் இல்லை என்பதல்ல! ஆகவே இரண்டாவது கேள்வியும் வேண்டும்: மிஞ்சிய சொல்லுக்கும் முழுச்சொல்லுக்கும் உறவு உண்டா? வகுப்பில் இந்த 'தே'யைச் சொன்னால் பிள்ளைகள் ஒருநாளும் மறக்கமாட்டார்கள்.

இன்னொரு நுட்பம். 'ஊ' எப்போதும் 'இல்லை' என்று சொல்வதில்லை. 'வேர்' என்றால் வானிலை. 'ஊவேர்' என்றால் வானிலை இல்லாத நாளா? அப்படி ஒரு நாள் ஏது? அது கெட்ட வானிலை, புயல் மழை. 'கிரெஸ்' புல், 'ஊகிரெஸ்' வேண்டாத புல், அதாவது களை. 'இல்லை', 'கெட்டது' என்ற இரண்டு பொருளையும் முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளை தானே தெரிந்தெடுக்கும்.

எமது பிள்ளைகள் நாளுக்குப் பத்துத் தடவை கத்தும் சொல் 'ஊரெட்ஃபெர்டி'. தமிழில் சொல்லச் சொன்னால் 'அநியாயம்' என்பார்கள். பாருங்கள், அங்கே ஊ, இங்கே அ. நியாயம் – அநியாயம், சுத்தம் – அசுத்தம், தர்மம் – அதர்மம். இந்த 'அ' வடமொழியிலிருந்து வந்தது. நொர்வேஜிய 'ஊ', ஆங்கில 'அன்', வடமொழி 'அ' மூன்றும் ஒரே பழைய வேரில் பிறந்தவை. இங்கும் விரல் சோதனை வேண்டும்: கோயிலில் ஏற்றும் 'அகல்', கல் அல்லாதது என்று பொருள்படாது.

தமிழின் சொந்த வழி வேறு. தமிழ் 'இல்லை'யைச் சொல்லின் வாலில் வைக்கும். அறியாத, தெரியாத, முடியாத என்பவற்றைப் பாருங்கள். திருக்குறளின் அதிகாரப் பெயர்களில் கொல்லாமை, கள்ளாமை, வெகுளாமை என்று வரிசையாக வரும். ஆகவே நொர்வேஜியச் சொல்லில் தலையைப் பார், தமிழ்ச் சொல்லில் வாலைப் பார் என்று சொல்லிக் கொடுக்கலாம். தமிழ் வகுப்பில் 'முடியாத' என்பதை 'முடிந்த' என்று வாசிக்கும் பிள்ளை, பெரும்பாலும் தலையை மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளை.

தமிழுக்குத் தலையில் எழுத்தே இல்லையென்று எண்ணவேண்டாம். அங்கு, இங்கு, எங்கு. அப்படி, இப்படி, எப்படி. முதலெழுத்து மாற இடம் மாறுகிறது. அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் 'உ' மறைந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் உது, உவன், உங்கை என்று இன்னும் வாழ்கிறது. எனவே அம்மம்மா "உது என்ன?" என்று கேட்டால், அந்த 'உ' மறுக்கும் 'ஊ' அல்ல, சுட்டிக் காட்டும் விரல் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். பிள்ளை அதைச் சொல்லிப் பழகவும் விடுங்கள்.

மற்ற முன்னொட்டுகளில் இரண்டு போதும். 'மிஸ்' பிழையைக் காட்டும்: 'ஃபொர்ஸ்தோ' விளங்கிக்கொள், 'மிஸ்ஃபொர்ஸ்தோ' பிழையாக விளங்கிக்கொள். 'சம்' சேர்க்கையைக் காட்டும்: 'தாலெ' பேச்சு, 'சம்தாலெ' உரையாடல். எமது 'சம்பாஷணை'யும் அப்படியே கட்டப்பட்ட சொல்தான்.

'பெ'யைச் சின்னப் பிள்ளைகளுக்கு இப்போது எடுக்காதீர்கள். 'பெதாலெ' என்றால் காசு கட்டுவது. அதைப் பிரித்துப் 'பேச்சு' என்று விளக்கினால் பிள்ளை குழம்பும். இது இடைக்காலத்தில் ஜெர்மன் வணிகரோடு வந்த முன்னொட்டு. நாட்டு வழக்குகளிலிருந்து புதிய எழுத்துமொழி கட்டிய ஈவார் ஓசென் (1813–1896) இத்தகைய சொற்களைப் பெரும்பாலும் ஒதுக்கினார். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் எமக்கு நினைவுக்கு வருகிறது.

இந்தக் கிழமைப் பயிற்சி: ஊவென், ஊக்கெ, ஊமூலி, உல்வ், ஊரூ, அவரை, அசுத்தம், அரசு, பொய்யாமை, ஆமை. எவற்றில் 'இல்லை' அல்லது 'கெட்டது' ஒளிந்திருக்கிறது, தலையிலா வாலிலா? பிள்ளைகள் தாமே எழுதி வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரும்போது கொண்டுவரட்டும்.