சொலிசிற்றர் பிழைவிட்டால்: முதல் வீடு வாங்கும் பிள்ளைகளுக்கு

லண்டனில் வீடு வாங்கப்போகும் தம்பி தங்கச்சிமாருக்கும், வாங்கிவிட்டுத் தலையில் கைவைத்திருப்பவர்களுக்கும், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்கொட்லாந்தில் நடைமுறை வேறு.

1. முதலில் பிழை யாருடையது என்று பாருங்கள். சுவரில் ஈரம் ஊறினால் சேர்வேயரைக் கேளுங்கள். மோட்கேஜ் இழுபட்டால் வங்கியைக் கேளுங்கள். சீட்டெடுத்த காசு, கனடாவிலிருந்து மாமா அனுப்பிய காசு எல்லாம் எப்படி வந்தது என்று சொலிசிற்றர் துருவித் துருவிக் கேட்டால் அது அவர் குணக்கேடு இல்லை. கறுப்புப் பணச் சட்டம் அவரை அப்படிக் கேட்க வைக்கிறது. மேல்மாடி அறைக்குக் கவுன்சிலின் கட்டட ஒப்புதல் இல்லாததை உங்களுக்குச் சொல்லாமல் விட்டாரா? லீஸில் நிலவாடகை சில வருடங்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்ற வாசகத்தைக் காட்டாமல் கையெழுத்து வாங்கினாரா? அதுதான் அவர் பிழை.

2. திறப்புக் கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று பால் காய்ச்சிவிட்டு இருந்துவிடாதீர்கள். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி லான்ட் ரெஜிஸ்ட்ரியில் உங்கள் பெயர் ஏறும்போதுதான் வீடு சட்டத்தில் உங்களுடையது. காசு கைமாற முன்னர் சொலிசிற்றர் ஒரு தேடுதல் செய்வார். அது 30 வேலை நாட்களுக்குப் பதிவு வரிசையில் உங்கள் இடத்தைப் பிடித்து வைக்கும். அதற்குள் விண்ணப்பம் போகாவிட்டால், விற்றவர் மேலுள்ள வேறொரு கடன் இடையில் புகுந்துகொள்ள வழியுண்டு. பதிவு முடிய மாதக்கணக்கில் ஆகலாம், அது ரெஜிஸ்ட்ரியின் நெரிசல். ஆகவே “பதிவு முடிந்ததா” என்று கேட்காமல், “விண்ணப்பம் எந்தத் தேதி போனது, இலக்கம் என்ன” என்று கேளுங்கள்.

அரச இணையத்தளத்தில் 7 பவுண்ஸ் கட்டிப் பதிவேட்டை எடுக்கலாம், வரைபடத்துக்கு இன்னொரு 7. இரண்டையும் கையெழுத்துப் போட முன்னரே எடுத்துவைத்துப் பாருங்கள். வரைபடத்தில் காணியைச் சுற்றிச் சிவப்புக் கோடு இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். பின் ஒழுங்கையில் இருக்கிற கராஜ் கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா? வெளியே என்றால் அதற்குத் தனிப் பதிவு இருக்க வேண்டும். சொலிசிற்றர் பெரும்பாலும் அந்த வீட்டைக் கண்ணால் காண்பதில்லை. கராஜ் இருப்பதே அவருக்குத் தெரியாமல் போகலாம்.

3. ஸ்டாம்ப் டியூட்டியில்தான் நம்மவர்கள் மாட்டுப்படுவது. (இது இங்கிலாந்துக்கு; வேல்ஸில் வரி வேறு.) முதல் வீடு வாங்குபவருக்கு, விலை 500,000 பவுண்ஸுக்கு மேல் போகாவிட்டால், முதல் 300,000க்கு வரி இல்லை. ஆனால் “முதல் வீடு” என்றால் உலகத்தில் எங்குமே முதல் வீடு. நல்லூரில் அப்பா உங்கள் பெயருக்கு எழுதிவைத்த வீடும், அம்மாவின் சொத்தில் வந்த பங்கும் கணக்கில் சேரும். உங்கள் பங்கு 40,000 பவுண்ஸோ அதற்கு மேலோ என்றால், மேலதிகமாக 5 சதவீதமும் விழலாம். சொலிசிற்றர் தரும் படிவத்தில் “வேறு வீடு உண்டா” என்ற கேள்விக்கு இங்கிலாந்தை மட்டும் நினைத்து “இல்லை” என்று எழுதினால் சொலிசிற்றரைக் குறைசொல்ல முடியாது. நீங்கள் உண்டென்று எழுதியும் அவர் கவனிக்காமல் விட்டால் பிழை அவருடையது. வரி அலுவலகம் தேடி வருவது எப்படியும் உங்களைத்தான். வாங்கி முடிந்த நாளிலிருந்து கணக்குக் காட்ட 14 நாள்தான் தவணை.

4. தொலைபேசியில் கதைத்ததை அன்றிரவே மின்னஞ்சலில் போடுங்கள். “இன்று காலை கதைத்தபடி, யாழ்ப்பாணத்தில் என் பெயரில் வீடு உண்டு. இதனால் வரி கூடுமா?” அவ்வளவே போதும். ஆறு மாதம் கழித்து அந்த இரண்டு வரிதான் உங்களுக்காகப் பேசும்.

5. கட்டட ஒப்புதல் இல்லை என்று தெரிந்ததும் பதறிப்போய்க் கவுன்சிலுக்குப் போன் பண்ணாதீர்கள். அந்தக் குறைக்குக் காப்புறுதி எடுக்கலாம். கவுன்சிலுக்குத் தகவல் போய்விட்டால் அந்தக் காப்புறுதி கிடைப்பது அரிது.

6. விற்பவரும் நீங்களும் ஒப்பந்தங்களைக் கைமாற்ற முன்னர் என்றால் சொலிசிற்றரை மாற்றலாம். காசும் நாளும்தான் நட்டம். ஒப்பந்தம் கைமாறிய பின் என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முடியுங்கள். வழமையான ஒப்பந்தத்தில், குறித்த நாளில் காசு போகாவிட்டால் விற்பவர் 10 வேலை நாள் அறிவித்தல் தருவார். அதுவும் தப்பினால் உங்கள் 10 சதவீத முற்பணம் போகும். சண்டையைத் திறப்பு வாங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.

7. முறைப்பாட்டை முதலில் அந்த அலுவலகத்துக்கே கொடுக்க வேண்டும். கடிதத் தலைப்பில் முறைப்பாடு என்று போடுங்கள். கோபத்தை விட்டு நட்டத்தை எழுதுங்கள்: லொறிக்கூலி, ஹோட்டல், தப்பிப்போன வட்டிவீதம், ரசீதுகளோடு. உங்கள் கோப்பின் பிரதியையும் கேளுங்கள். முறைப்பாட்டை விசாரிக்க அவர்கள் கட்டணம் கேட்கக்கூடாது. எட்டு வாரத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ லீகல் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். காசில்லாச் சேவை, 50,000 பவுண்ஸ் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அதிகாரமும் உண்டு. இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பிழை நடந்தோ, தெரியவந்தோ ஒரு வருடத்துக்குள்ளும் இருக்க வேண்டும். களவு, பொய் போன்ற ஒழுக்கக்கேடு என்றால் எஸ்ஆர்ஏ, அதாவது சொலிசிற்றர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு. அவர்கள் சொலிசிற்றரைத் தண்டிப்பார்கள், கவனக்குறைவுக்கு உங்களுக்கு நட்டஈடு வாங்கித் தரமாட்டார்கள். பலர் அந்தக் கதவைத் தட்டியே ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள்.

8. “அவர் நம்மட ஆள், கோயிலில் முகம் பார்க்க வேண்டுமே” என்று தயங்குபவர்கள் உண்டு. எனக்கு இது புரியவே இல்லை. ஒவ்வொரு சொலிசிற்றர் நிறுவனமும் குறைந்தது 20 லட்சம் பவுண்ஸுக்குத் தொழில் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். நட்டஈட்டின் பெரும்பங்கு அங்கிருந்துதான் வரும்.

9. பெரிய தொகை என்றால் இன்னொரு சொலிசிற்றரைப் பிடித்து வழக்குக்குப் போகலாம். திருத்தச் செலவு முழுவதும் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். நீங்கள் கொடுத்த விலைக்கும் அந்தக் குறையோடு வீட்டின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பெரும்பாலும் கணக்கெடுப்பார்கள். தவணை ஆறு வருடம். பிழை பிந்தித் தெரியவந்தால், தெரிந்ததிலிருந்து மூன்று வருடம்; எப்படியானாலும் 15 வருடத்துக்கு மேல் இல்லை. ஒம்பட்ஸ்மனின் முடிவை ஏற்றுக்கொண்டால் அதே விடயத்துக்கு நீதிமன்றம் போக முடியாது. ஆகவே அந்த ஏற்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட முன்னர் ஒம்பட்ஸ்மன் சொன்ன தொகையையும் வழக்கில் கிடைக்கக்கூடிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.